இருபத்திரண்டாம் பாட்டு

ஆற்றங்கரைத் தோட்டம்,
கோலா சிலாங்கூர்.
19.2.1984

அன்புள்ள அக்கா தாயம்மாவுக்கு,

தங்கை வள்ளியம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் முட்டிவலி எப்படி? உன் வீட்டுக்காரர் சவரிமுத்து மாமாவுக்கு இருமல் என்று எழுதியிருந்தாயே, குறைந்ததா?

அக்கா, இங்கே ஒரு சாவு. எங்கள் லயத்து வரிசையில் ஒட்டின வீட்டு அப்பளசாமி அண்ணன் போய்விட்டார். ஆறாம் தேதி, திங்கட்கிழமை. பாலத்து மேட்டில் லோரியை நிறுத்திவிட்டு டிரைவர் பாலன் ஒதுங்கப் போயிருந்தான். அண்ணன் பின்னால் நின்று செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டிருந்தார். லோரி தானாக உருண்டு வந்து அவரைப் பாலத்துச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. நான் இருபது அடி தள்ளி உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தேன். ஒரே ஒரு தடவைதான் கத்தினார். தூக்குவதற்குள் அவர் காலில் இருந்த பூட்ஸை எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். இப்படியும் மனுஷர்கள்.

அந்த லோரிக்குத் தீபாவளியிலிருந்து கைபிரேக் இல்லை. எங்களை வேலை வாங்குகிற மண்டோர் உடையப்பனுக்குத் தெரியும், துரைக்கும் தெரியும். மேட்டில் நிறுத்தினால் டயருக்குப் பின்னால் ஒரு கட்டையைப் போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு எப்படியோ கட்டை இல்லை.

இப்போது மண்டோர் என் வாசலுக்கு வந்து, "வள்ளி, யாரும் கேட்டா அவன் தண்ணி போட்டுட்டு லோரிக்குப் பின்னால படுத்துக் கெடந்தான்னு சொல்லிடு லா. எல்லாருக்கும் நல்லது" என்கிறார். அப்பளசாமி அண்ணன் சம்சுச் சாராய பாட்டிலைக் கையால் தொட்டதில்லை. ஜூலையில் கோர்ட்டில் விசாரணை. கண்ணால் பார்த்த சாட்சி நான் ஒருத்திதான். குடிகாரன் என்று எழுதிவிட்டால் கம்பெனி கையைக் கழுவிவிடும், அவர் பெண்டாட்டி காளியம்மா மூன்று பிள்ளைகளோடு லயத்தைக் காலி பண்ண வேண்டியதுதான். நான் உண்மையைச் சொன்னால் காலி பண்ணப்போவது நாங்கள். வீட்டுக்காரரைக் கேட்டால் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுச் சுருட்டைப் பற்றவைக்கிறார்.

வேதப்புத்தகத்தில் வாரத்துக்கு ஒரு சங்கீதம், நீ ராசா ஊரிலும் நான் இங்கேயும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒன்றாகப் படிப்பது என்று ஆரம்பித்து எட்டு வரை வந்துவிட்டோம். அடுத்த எண்ணை நீ சொல். எனக்கு வழி தெரியவில்லை. அதில் வரும் வழியில்தான் போவேன்.

உன் அன்புத் தங்கை,
வள்ளியம்மா


ராசா
4.3.1984

அன்புத் தங்கை வள்ளிக்கு,

சேசுநாதர் உன்னையும் உன் வீட்டுக்காரர் காளியண்ணன் தம்பியையும் பிள்ளைகளையும் காப்பாராக. எங்களுக்குச் சுகம். என் முட்டி எனக்கு முன்னால் கிழவியாகிவிட்டது. மாமாவின் இருமல் போய்விட்டது, அதட்டல் மட்டும் அப்படியே இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். பாவம் அந்த மனுஷர். ஆனாலும் அக்கா சொல்வதைக் கேள். நீ வாயைத் திறக்காதே. பொய் சொல்லச் சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு வா. உனக்கும் மூன்று பிள்ளைகள். மாமாவும் அதைத்தான் சொல்கிறார். இங்கேயும் அங்கேயும் ஒரே கம்பெனி. இருபது வருஷம் கிராணியாகக் கணக்கு எழுதியவருக்கு அந்த துரைமாரைத் தெரியாதா?

உன்னைவிடப் பதினோரு வருஷம் முந்தி ஞானஸ்நானம் வாங்கியவள் நான். எனக்குப் பயம் வந்தபோதெல்லாம் என்னைத் தூங்கவைத்த பாட்டு ஒன்று உண்டு. ஒன்பது, பத்து எல்லாம் அப்புறம் பார்க்கலாம். நேரே இருபத்திரண்டுக்குப் போ. என் மாமியார் தந்த பழைய புத்தகத்தில் அந்தப் பக்கம் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு, அவ்வளவு தடவை புரட்டியிருக்கிறேன். நானும் ஏழு மணிக்கு அதையே படிக்கிறேன். படித்துப் படித்து மனதை அடக்கு.

அன்பு அக்கா,
தாயம்மா


ஆற்றங்கரைத் தோட்டம்
25.3.1984

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்கு அம்மை போட்டு இறங்கியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறேன்.

நீ சொன்ன இருபத்திரண்டைப் படித்தேன். முதல் நாள் முதல் வரியிலேயே புத்தகத்தை மூடிவிட்டேன். இரண்டாம் நாள் பாதி. மூன்றாம் நாள்தான் முடிவு வரைக்கும் போனேன். அக்கா, அது அப்பளசாமி அண்ணன் குரல். அந்த ஒரு கத்தலுக்குள் என்னென்ன இருந்ததோ அத்தனையும் அதில் எழுதியிருக்கிறது. எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் எபிரேயர்கள் கோவிலில் பாடிய பாட்டில் எங்கள் பாலத்து மேடு எப்படி வந்தது? அப்புறம் அந்த ஆள் எல்லார் நடுவிலும் நின்று வாயைத் திறக்கிறான் பார், அந்த இடத்தை மறுபடியும் சத்தமாகப் படித்தேன்.

வாயைத் திறக்காதே என்று எழுதிவிட்டு இந்தப் பாட்டை நீ ஏன் கொடுத்தாய் என்று முதலில் விளங்கவில்லை. பிறகு புரிந்துகொண்டேன். மாமாவுக்குப் பயந்து ஒன்றை எழுதி, எண்ணில் வேறொன்றைச் சொல்லியிருக்கிறாய். நீ கெட்டிக்காரி.

நான் கோர்ட்டில் பேசப்போகிறேன். மண்டோரிடமும் சொல்லிவிட்டேன்.

வள்ளியம்மா


ராசா
29.4.1984

வள்ளிக்கு,

அனைவரும் சுகம். சின்னவள் தேறியிருப்பாள். வேப்பிலைத் தண்ணீர் ஊற்றினாயா?

பதிலுக்கு ஒரு மாதம் ஆனதற்குக் காரணம் கோபம். நான் ஒன்றை எழுதி ஒன்றைச் சொல்கிறவளா? உன்னைச் சாந்தப்படுத்தக் கொடுத்த பாட்டு அது. அதில் உனக்குக் கத்தல் கேட்டதென்றால் அது பாட்டின் குற்றமில்லை, உன் காதின் குற்றம். சின்ன வயதிலிருந்தே ஒன்றைச் சொன்னால் வேறொன்றைச் செய்கிற ஆள் நீ.

மண்டோரிடம் சொல்லிவிட்டாயாமே, அது இங்கே வரைக்கும் வந்துவிட்டது. பெரிய துரை மாமாவைக் கூப்பிட்டுப் பேசினார். என்ன பேசினார் என்பது இருக்கட்டும். நீ ஒதுங்கிக்கொள். இது அக்கா கேட்டுக்கொள்வது.

தாயம்மா


ஆற்றங்கரைத் தோட்டம்
13.5.1984

அன்புள்ள அக்கா,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். வேப்பிலைத் தண்ணீர் ஊற்றினேன்.

என் மேல் கோபப்படு, பரவாயில்லை. ஆனால் நான் வீம்புக்காகப் பேசப்போவதாக நினைக்காதே. என்னிடம் ஒரு விஷயம் இருக்கிறது. மூன்று மாதமாகச் சோறு இறங்கவில்லை, ராத்திரியில் எலும்பெல்லாம் வலிக்கிறது. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அது முப்பத்திரண்டாம் சங்கீதத்தில் இருக்கிறது. என்னைப் பற்றி எழுதினதுபோல இருக்கிறது. படித்தால் உனக்குப் புரிந்துவிடும், நான் எழுத வேண்டிய கஷ்டம் இல்லை. படித்த பிறகும் என்னைத் தங்கை என்று நினைத்தால் ஒரு வரி எழுது.

வள்ளி


ராசா
27.5.1984

என் செல்லத் தங்கைக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். நாங்கள் சுகம், முட்டியும் இந்த வாரம் சொன்னபடி கேட்கிறது.

முப்பத்திரண்டைப் படித்ததும் என் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. எவ்வளவு சந்தோஷமான பாட்டு! பத்து நரம்பு வாத்தியம் என்ன, புதுப் பாட்டு என்ன, உலகத்தையே வாயால் சொல்லி உண்டாக்கினவரை நினைத்து ஆனந்தம் என்ன! என்னைப் பற்றி எழுதினதுபோல் இருக்கிறது என்றாயே, அதைப் படித்து மாமாவிடம் ஓடிப்போய், "வள்ளி மனசு தேறிட்டா, இனிமே வம்புக்குப் போக மாட்டா" என்று சொன்னேன். அவருக்கும் முகம் தெளிந்தது. தங்கை என்று நினைத்தால் எழுது என்று என்ன பேச்சு இது? அசடு.

ஓர் இடம் மட்டும் என்னை உறுத்தியது. பெரிய படையையும் குதிரையையும் நம்பி எவனும் தப்பினதில்லை என்று வருகிறதே, அது. ஏன் உறுத்தியது என்று இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அன்பு அக்கா


ஆற்றங்கரைத் தோட்டம்
3.6.1984

அக்காவுக்கு,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம்.

நான் செத்துக்கொண்டிருக்கிறேன், நீ வாத்தியம் வாசிக்கிறாய். இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவே இல்லை. முப்பத்திரண்டில் வாத்தியம் எங்கே இருக்கிறது? வேண்டுமென்றே புரியாததுபோல எழுதினாயா? சரி. நானே எழுதிவிடுகிறேன், இந்தத் தடவை கிழிக்க மாட்டேன்.

லோரிக்குக் கட்டை போடுவது என் வேலை. மண்டோர் என்னிடம்தான் அந்த வேலையை விட்டிருந்தார். அன்றைக்கும் போட்டேன். காலையில் நல்ல மழை, தரையெல்லாம் சேறு. சோறு தின்ன உட்காரக் காய்ந்த இடம் இல்லை. பாலன் லோரியில் உட்கார்ந்து காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தான். அஞ்சு நிமிஷம்தானே என்று கட்டையை எடுத்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன். நான் எடுத்தது அவனுக்குத் தெரியாது. இறங்கிப் போய்விட்டான். நான் அந்தக் கட்டையின் மேல் உட்கார்ந்துதான் அக்கா அவர் கத்தினதைக் கேட்டேன்.

இதை மறைத்து வாயை மூடிக்கொண்டிருந்தால் எலும்பு உருகிப்போகும், சொல்லிவிட்டால்தான் ஆண்டவர் மன்னிப்பார் என்று அந்த முப்பத்திரண்டில் இருக்கிறது. அதனால்தான் உன்னைப் படிக்கச் சொன்னேன். காளியம்மாக்கா தினமும் எனக்குக் குழம்பு கொண்டுவந்து தருகிறாள், சாட்சி சொல்லப்போகிற புண்ணியவதி என்று. அந்தக் குழம்பை எப்படித் தின்பது?

பிரேக்கைப் பற்றிச் சொல்வேன். கட்டையைப் பற்றியும் சொல்வேன். நீ இனிமேல் எழுதாவிட்டாலும் சொல்வேன்.

வள்ளியம்மா


ராசா
17.6.1984

என் வள்ளிக்கு,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். பிறகு என் புத்தகத்தை எடுத்து முப்பத்திரண்டை மறுபடி பார்த்தேன். எலும்பும் இல்லை, மன்னிப்பும் இல்லை, அதே வாத்தியம்தான். உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்து அடுத்த வீட்டுக் கமலாதேவி டீச்சரிடம் ஓடினேன். யாழ்ப்பாணத்துக்காரர், எங்களைப்போலக் கத்தோலிக்கர் இல்லை, உன்னைப்போல மற்ற சபை. அவர் தன் வேதப்புத்தகத்தைத் திறந்து முப்பத்திரண்டைக் காட்டினார். நீ எழுதினது அப்படியே இருந்தது.

இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டீச்சர்தான் கண்டுபிடித்தார். எங்கள் பழைய புத்தகத்தில் ஒன்பதும் பத்தும் சேர்ந்து ஒரே பாட்டு. அதனால் அங்கேயிருந்து உங்களுக்கும் எங்களுக்கும் எண் ஒன்று தள்ளிப்போகிறது. முதல் எட்டும் கடைசி மூன்றும்தான் ஒரே எண்ணாம். நாம் எட்டு வரைக்கும் ஒழுங்காகப் படித்தோம், அதற்கப்புறம் ஆளுக்கொரு பாட்டு.

என் இருபத்திரண்டு மேய்ப்பன் பாட்டு, வள்ளி. புல்வெளி, அமைதியான தண்ணீர். அதைப் படித்துவிட்டு நீ பேசாமல் படுத்துக்கொள்வாய் என்று நினைத்தேன். உன் இருபத்திரண்டை டீச்சர் வீட்டில் உட்கார்ந்து படித்தேன். கைவிடப்பட்டவன் கதறுகிறான், எலும்பெல்லாம் கட்டுவிட்டுப் போகிறது, சாகும் முன்னாலேயே அவன் துணியைப் பங்கு போடுகிறார்கள். நீ எழுதின பூட்ஸ் ஞாபகம் வந்து எனக்கு அழுகை அடங்கவில்லை. சிலுவையில் நம் ஆண்டவர் வாயிலிருந்து வந்ததும் அந்தக் கதறல்தானே என்று டீச்சர் சொன்னார். உன் காதைக் குற்றம் சொன்னேனே, என்னை மன்னித்துவிடு.

இப்போது என் விஷயம். பெரிய துரை மாமாவிடம், மச்சினிச்சி வாயை மூடினால் வருகிற ஜனவரியில் பெரிய கிராணி என்றார். பங்களாப் பக்கத்து வீடும் உண்டு. நான் உன்னை அடக்கினது பாதி உன் பிள்ளைகளுக்காக. மீதிப் பாதி அந்த வீட்டுக்காக. அங்கே படி ஏற வேண்டியதில்லை, என் முட்டிக்கு நல்லது என்று கணக்குப் போட்டேன். குதிரை ஏன் உறுத்தியது என்று இப்போது உனக்குப் புரியும்.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கட்டை விஷயத்தையும். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே, "விசாரணை என்னிக்கு?" என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம்.

உன் அக்கா தாயம்மா


ஆற்றங்கரைத் தோட்டம்
24.6.1984

அன்புள்ள அக்கா, மாமாவுக்கு,

நலம். விசாரணை ஜூலை பன்னிரண்டு, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. பஸ்ஸில் வருவதானால் முதல் நாளே வந்துவிடுங்கள்.

எண் மாறினதை நினைத்து முதலில் சிரித்தேன், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. நீ சொன்ன பாட்டை மட்டும் படித்திருந்தால் நான் படுத்துத்தான் போயிருப்பேன். ஆனால் உன் மேய்ப்பன் பாட்டையும் என் புத்தகத்தில் தேடிப் படித்தேன். இருட்டுப் பள்ளத்தில் நடந்துபோகிறவனுக்குப் பயமில்லை என்று அதிலும் இருக்கிறதே, நீ அந்த இடத்தைத் தாண்டித் தாண்டித் தூங்கிவிடுவாயோ?

நேற்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். சுருட்டை அணைத்துவிட்டு, "நானும் உள்ள வந்து நிக்கிறேன்" என்றார். காளியம்மாக்காவிடம் முன்கூட்டிச் சொல்ல மூன்று தடவை அவள் வாசல் வரைக்கும் போனேன். அதற்கு மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை. குழம்பை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வள்ளி


ராசா
22.7.1984

அன்புத் தங்கைக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் நின்றுகொண்டு வந்ததில் முட்டி வீங்கியிருக்கிறது, அதைப் பற்றிக் கவலை இல்லை.

நீ கூண்டில் நின்றபோது எனக்கு உன் முதுகுதான் தெரிந்தது. கம்பெனி வக்கீல் குரலை உயர்த்தி, "கட்டை போடுவது யார் வேலை?" என்று கேட்டாரே, அப்போது மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். இருபது வருஷத்தில் வெளியிடத்தில் அவர் என் கையைப் பிடித்ததில்லை. "என் வேலை. நான்தான் எடுத்தேன்" என்று நீ சொன்னாய். காளியம்மா உன்னைத் திரும்பிப் பார்த்ததையும் பார்த்தேன்.

பெரிய கிராணி வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. மாமா, "விடு லா, படியேறிப் பழகின முட்டிதானே" என்கிறார். தீர்ப்பு வந்ததும் உடனே எழுது. அவள் உன்னோடு பேசினாளா என்பதையும் எழுது.

தாயம்மா


ஆற்றங்கரைத் தோட்டம்
9.9.1984

அன்புள்ள அக்கா,

ஆண்டவர் கிருபையால் ஐந்து பேரும் சுகம். உன் முட்டிக்குக் வீட்டுக்காரரின் அம்மா வீட்டுத் தைலம் ஒரு புட்டி ஆள் மூலம் அனுப்பியிருக்கிறேன், வாசனையைப் பார்த்துப் பயப்படாதே.

தீர்ப்பு வந்துவிட்டது. அப்பளசாமி அண்ணன் குடித்திருக்கவில்லை என்று எழுதியாயிற்று. பிரேக் இல்லாத லோரியை ஓட்டவிட்டது கம்பெனியின் குற்றம், ஒரு மரக்கட்டை பிரேக் ஆகாது என்று நீதிபதி சொன்னார். காளியம்மாக்காவும் பிள்ளைகளும் லயத்தில் இருக்கலாம். எங்களுக்குக் காலி பண்ணச் சொல்லித் தாள் வந்துவிட்டது. நாளைக்குச் சுங்கை புரோங் போகிறோம். வயல் ஓரத்தில் ஒரு வீடு, அரிசி ஆலையில் வீட்டுக்காரருக்கு வேலை. விலாசத்தைப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

கோர்ட் என்னை விட்டுவிட்டது. காளியம்மாக்கா விடவில்லை. இரண்டு மாதமாக ஒரு வார்த்தை இல்லை. குழாயடியில் நான் போனால் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அவள் செய்தது நியாயம்தான். நான் தினமும் ஏழு மணிக்கு அந்த இருபத்திரண்டைத்தான் படித்துக்கொண்டிருந்தேன், அவருக்காக.

நேற்று சாமான் கட்டி முடித்து, வெறும் தரையில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன். வாசலில் நிழல் தட்டியது. அவள்தான். கையில் ஒரு மணை. அப்பளசாமி அண்ணன் ரப்பர் மரத்தில் தன் கையால் செய்தது, அவர் சாப்பிட உட்காருகிற மணை. எனக்கு எழுந்திருக்கக்கூடத் தோன்றவில்லை.

"தினமும் சத்தமா படிக்கிறியே, செவுத்துக்கு அந்தப் பக்கம் எனக்குக் கேக்குது," என்றாள். "அது அவரு கத்துனதா?"

"ஆமாங்க்கா," என்றேன்.

வாசல் தாண்டி உள்ளே வந்தாள். பிறகு மணையை என் பக்கத்தில் போட்டாள்.

"ஈரத்துல உக்கார முடியாமதானே எடுத்த. இத எடுத்துக்கிட்டுப் போ. இனிமே இதுல உக்காரு," என்றாள். தானும் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "முழுசா படி. அவரு எல்லாரு நடுவுல நின்னு பேசுற எடம் வரைக்கும் படி."

மணையில் உட்கார்ந்தேன் அக்கா. கடைசி வரி வரைக்கும் படித்தேன்.

இந்த வாரம் நூற்று நாற்பத்தெட்டு. உன் புத்தகத்திலும் அதே எண்தான்.

உன் தங்கை,
வள்ளியம்மா